வானத்துக் கண்ணும் வறண்ட கேணியும்

சித்திரை வெயில் சுட்டெரிக்கிறது. புதுக்கோட்டைச் சீமையிலே கண்மாய்கள் வெடித்துக் கிடக்கின்றன. ஊருணியிலே குடம் முக்கவும் நீரில்லை. புல் கருகிற்று, ஆடு மேய்ப்பவன் அலைகிறான். ஆயினும் அதோ, அய்யனார் கோயிற்காடு பச்சை! ஆற்றங்கரை மருதம் பச்சை! மழை பொழியவில்லை, மனிதன் ஊற்றவில்லை. பின் யார் வார்த்தது தண்ணீர்?

மண்ணுக்கடியிலே மறைந்திருக்கும் நீரை வேர் நீட்டிப் பருகி வாழும் மரங்கள் உண்டு; அவற்றை நம்பிப் பறவையும் பூச்சியும் வாழ்கின்றன. கேணி வற்றினால் கூக்குரல் எழுப்ப நமக்கு நாவிருக்கிறது. நாவற்ற இந்தக் கூட்டத்துக்கு யார் பேசுவது?

வானத்திலே சுற்றும் செயற்கைக்கோள் பேசும் என்கின்றனர் அறிவியலார்! செழித்த இலை சிவப்பொளியை விழுங்கும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியைத் திருப்பியனுப்பும். இலை வாடினால் அந்தக் கணக்கு மாறும். 1972-இல் அமெரிக்கா ஏவிய முதல் லாண்ட்சாட் தொடங்கி, 1988-இல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ வழியாக, இன்றுவரை இந்தக் கணக்கு படமாகப் பதிவாகி வருகிறது. கார்த்திகை மழையில் எடுத்த படத்தையும் வைகாசி வறட்சியில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அத்தகைய ஆண்டின் அடுத்த கோடையையும் பார்க்கிறார்கள். அப்போதும் பச்சை மாறாத இடம் எதுவோ, அங்கே வேர் நிலத்தடி நீரைத் தொட்டிருக்கக்கூடும் என்று குறிக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா 2012-இல் இதற்கென வரைபடத் தொகுப்பே வெளியிட்டது. உலகின் வறண்ட நிலங்களை ஆராய்ந்து 2024-இல் 'நேச்சர்' ஏட்டிலே வந்த ஆய்வு, ஆராய்ந்த பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய உயிர்ச்சூழல் இருப்பதாகக் கூறுகிறது. அவற்றிலே 53 விழுக்காடு, நிலத்தடி நீர் குறைந்துவரும் வட்டாரங்களில்! காப்புக்கு உட்பட்டதோ 21 விழுக்காடுதான்!

நல்ல கருவி, நாம் வரவேற்கிறோம். ஆனால் புதுக்கோட்டைக்கு வரும்போது அந்தக் கருவியிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். கோயிற்காடு பச்சை, பக்கத்திலே தைலமரக் காடும் பச்சை. இந்த இரண்டு பச்சையும் ஒன்றா?

1974-இல் தோன்றிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இந்த மாவட்டத்திலே தைலமரத்தைப் பரப்பியது. அது நீரை உறிஞ்சுகிறது, கண்மாய்க்கு வரும் நீரை மறிக்கிறது என்று உழவர்கள் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். கீரமங்கலம், வடகாடு பக்கமோ ஆழ்துளைக் கிணற்றை நம்பி மலரும் பலாவும் விளைகின்றன. அதுவும் பச்சை! கோயிற்காட்டிலும் இயல்பாகவே இலையுதிர்க்காத மரங்கள் உண்டு. மேலிருந்து பார்ப்பவனுக்குக் காவலனும் பச்சை, களவாடுபவனும் பச்சை, கடன்பட்டு மோட்டார் போட்டவன் தோட்டமும் பச்சை!

வேடிக்கை பாருங்கள்: தைலமரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. அந்நாடு தன் நிலத்தடி நீரை நம்பும் உயிர்களைக் கணக்கெடுத்து வைத்துக்கொண்டது. நாமோ மரத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம். கணக்கை வாங்க மறந்தோம்!

ஆகவே கேட்கிறோம்: வானத்துப் படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு அதிகாரிகள் ஊருக்குள் இறங்கட்டும். எந்த ஊற்று எந்த ஆண்டு நின்றது, எந்தக் கேணி எத்தனை முழம் இறங்கியது, எந்தத் தோப்பிலே முன்பு எந்தப் பறவை அடைந்தது என்பதைக் கிழவியும் சொல்வாள், கிடை போடுபவனும் சொல்வான். ஐம்பதாண்டுப் படத்தை விரித்து, அன்று பச்சையாயிருந்து இன்று வெளுத்த இடங்களைக் குறிக்கட்டும். அந்தப் பட்டியலை ஊராட்சிச் சுவரிலே எழுதட்டும். புதிதாய் ஆழ்துளை போடுமுன்பும், தோட்டம் வைக்குமுன்பும் அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

செயற்கைக்கோள் ஏழைக்குப் பயன்படாத விந்தையல்ல. ஆனால் அது காட்டுவது பச்சையைத்தான். அந்தப் பச்சை யார் வீட்டுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்பதை, காலிக் குடத்தோடு நிற்கும் நம் தாய்மாரிடம்தான் கேட்டறிய வேண்டும். கேட்பார்களா?