தொட்டிச் செடியும் தொட்டுப் பார்க்கும் விரலும்

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)



"செடி வளர்க்கிறதெல்லாம் ஒரு கட்டுரையா? தண்ணி ஊத்தினா தன்னால வளருது" என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் ஒரு செடியைக் கொன்றேன்.

எங்கள் குடும்பத்தில் படிப்புக்காக வெளியூர் வந்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு விடுதிக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் துளசிக் கன்று வைத்துக் கொடுத்தார்கள். அதை அறையின் மூலையில் அலமாரி மேல் வைத்தேன். காலையில் ஒரு மக், மாலையில் ஒரு மக் என்று தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் இலை தொங்கியது. பாவம், தாகம் போல என்று இன்னும் ஊற்றினேன். இருபதாம் நாள் தண்டு கறுத்துப் போய்விட்டது.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "செடி எப்படிப்பா இருக்கு?" என்பதுதான். "நல்லா இருக்கும்மா" என்று பொய் சொல்லிவிட்டேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

அப்பா விவசாயக் கூலி. என் சேர்க்கைப் படிவத்தில் கைநாட்டு வைத்தவர். அவர் திட்டவில்லை. மூன்றே கேள்விதான் கேட்டார். "டப்பா அடியில ஓட்டை போட்டியா? வெயில் பட்டுச்சா? ஊத்தறதுக்கு முன்னாடி மண்ணைத் தொட்டுப் பாத்தியா?" மூன்றுக்கும் என் பதில் 'இல்லை'. "வேருக்கும் மூச்சு உண்டுடா. நீ தண்ணியில அமுக்கிட்டே" என்றார்.

அந்த மூன்று கேள்விக்குள் செடி வளர்ப்பின் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஓட்டை இருக்கிறதா?

சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் 'வாய்ட்ஸ்' என்று படிக்கிறோமே, மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, செடியின் வேர் மூச்சு விடுவது அதிலிருக்கும் காற்றால்தான். அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்து நின்றால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்திலேயே நின்றாலும் இலை தொங்குகிறது. நான் அதைத் தாகம் என்று நினைத்து ஏமாந்தேன்!

கட்டடத்துக்கு மண்ணை இடித்து இறுக்குகிறோம். செடிக்கு நேர்மாறு, மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். வெறும் களிமண் ஆகாது. செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். தொட்டியோ டப்பாவோ எதுவானாலும் அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் ஒழுகாது.

2. வெளிச்சம் படுகிறதா?

இலைதான் செடியின் சமையலறை, வெளிச்சம்தான் அடுப்பு. துளசிக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அதை அறைக்குள் பூட்டி வைத்தது என் இரண்டாவது தவறு. கற்பூரவல்லி, கற்றாழை ஆகியவற்றை வெளிச்சமான ஜன்னலோரத்தில் வைக்கலாம். நேர் வெயில் வராத அறையென்றால் மணி பிளான்ட், மருள் இரண்டும் தாக்குப் பிடிக்கும். ஆனால் அவையும் இருட்டில் வளராது.

ஜன்னலோரச் செடி வெளிச்சத்தின் பக்கமே சாயும். இந்தச் சாய்வைத் தாவரங்களின் அசைவு பற்றி 1880-இல் வெளியிட்ட நூலில் டார்வின் ஆராய்ந்திருக்கிறார். நாம் செய்ய வேண்டியது வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பது, அவ்வளவுதான்.

3. தொட்டுப் பார்த்தாயா?

'தினமும் ஒரு மக்' என்ற கணக்கு செல்லாது. விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் நீர் கசியும் வரை ஊற்றுங்கள். கற்றாழை, மருள் இரண்டுக்கும் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். சித்திரை வெயிலில் அடிக்கடி கேட்கும். ஐப்பசி மழையில் கேட்கவே கேட்காது.

நோயும் மருந்தும்

* இலையின் அடியிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும்.

* மண் மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகினால், போர் தண்ணீரின் உப்பு சேர்ந்திருக்கலாம். மழைநீர் பிடித்து நிறைய ஊற்றி, உப்பை அடி ஓட்டை வழியாக வெளியேற்றுங்கள்.

* குடித்து மீந்த டீயை ஊற்றாதீர்கள். சர்க்கரைக்கு எறும்பு வரும். டீத்தூள் சக்கையை அலசி, மக்க வைத்த பிறகு போடலாம்.

* தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், மணி பிளான்ட் பாட்டிலிலும் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது தட்டையும் பாட்டிலையும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள்.

* மணி பிளான்ட் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு தவறான நம்பிக்கை

'செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும், நாசாவே சொல்லிவிட்டது' என்பார்கள். நாசாவின் 1989 ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வெளியான ஒரு மறு ஆய்வின்படி, சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற அளவுக்குச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வேண்டுமாம்! படுக்க இடம் ஏது? ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். அதேபோல, 'ராத்திரி செடி நம்ம ஆக்சிஜனை எடுத்துக்கும்' என்ற பயமும் வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் தூங்கும் நண்பன் இழுப்பதை விட அது மிக மிகக் குறைவு.

பிறகு எதற்குச் செடி? ஊரை விட்டு வந்த நமக்கு, காலையில் எழுந்ததும் நம்மை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற நினைப்பே போதாதா?

நாம் டிப்ளமோ வாங்கிவிடுவோம். ஆனால் மண்ணை விரலால் படிக்கிற படிப்பு, கைநாட்டு வைக்கும் நம் அப்பா அம்மாக்களிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் கேட்டுப் பாருங்கள்.

அப்பா கையால் ஓட்டை போட்ட டப்பாவில் இன்னொரு துளசி, இப்போது விடுதி வராந்தாவின் கிழக்குச் சுவர் மேல் இருக்கிறது, பூவும் விட்டிருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு அம்மா கேட்கும் முதல் கேள்விக்கு நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. பழைய பொய்யையும் அன்றே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.