ஸ்பானிஷில் தொடங்கிய பாடம்

1996 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் நியூஜெர்சியின் யூனியன் சிட்டிக்கு வந்தார்கள். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பெல் அட்லான்டிக் என்ற தொலைபேசி நிறுவனம் பள்ளியிலும் வீட்டிலும் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்திருந்தது. ஏழை ஊர்ப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றதும் எல்லார் கண்ணும் கம்ப்யூட்டர் மேல்தான் போனது. ஆனால், அந்த ஊரின் வகுப்பறைகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாறத் தொடங்கிவிட்டன. கேமராக்கள் கவனிக்காத அந்த மாற்றம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் மன்ஹாட்டன். மூன்றேகால் சதுர கிலோமீட்டருக்குள் 60,000 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழும் ஊர் யூனியன் சிட்டி. கியூபாவிலிருந்தும், பிறகு மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்களே அதிகம். பெரும்பாலான வீடுகளில் பேச்சு ஸ்பானிஷ்தான். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற உள்ளூர் நிர்வாகம். அதன் வருமானத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. ஏழை ஊரென்றால் பள்ளியும் ஏழைதான். 1989இல் மாநில அரசு வைத்த 52 அளவுகோல்களில் 44இல் யூனியன் சிட்டி தோற்றது. திருந்தாவிட்டால் நிர்வாகத்தையே எடுத்துக்கொள்வோம் என்று எச்சரிக்கை வந்தது. வாய்ச்சொல்லோடு நிற்கிற எச்சரிக்கையல்ல. பக்கத்து ஜெர்சி சிட்டிக்கு அதே ஆண்டில் அந்தக் கதி நேர்ந்தது.

மாற்றுத் திட்டம் போடும் பொறுப்பு இருமொழிக் கல்வியைக் கவனித்துவந்த ஃபிரெட் காரிக்கிடம் வந்தது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தை முதலில் ஸ்பானிஷிலேயே சரளமாக வாசிக்கட்டும், ஆங்கிலம் அதன்மேல் ஏறும் என்பது அவர் பிடித்துக்கொண்ட கொள்கை. வாசிக்கும் திறமையை ஒரு மொழியில் பெற்றுவிட்ட பிள்ளை, இரண்டாவது மொழிக்காக அதை மறுபடி அடியிலிருந்து கற்க வேண்டியதில்லை. வகுப்பறைக்குள்ளும் எல்லாம் இடம் மாறின. வரிசை பெஞ்சுகளும் கோடிட்ட இடம் நிரப்பும் தாள்களும் பின்னுக்குப் போயின. அறைக்கு அறை கதைப் புத்தக அலமாரி வந்தது. ஆசிரியர் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க, மற்றவர்கள் சிறு சிறு குழுக்களாக எழுதினார்கள், பேசினார்கள். இதைச் சின்ன வகுப்புகளில் தொடங்கி, படிப்படியாக மேலே கொண்டுபோனார்கள். இந்தப் பொறுமையை எத்தனை பாராட்டினாலும் தகும். தேர்வு முடிவை நாளைக்கே காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள் சாதாரணமாகப் பத்தாம் வகுப்பைத்தான் பிடித்து உலுக்குவார்கள்.

பணம் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. 1981இல் ஏழைப் பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட 'ஆபட் எதிர் பர்க்' வழக்கில், பணக்கார ஊர்ப் பள்ளிகளுக்கு நிகரான நிதி ஏழை ஊர்களுக்கும் வேண்டும் என்று 1990இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998இல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஏழை டிஸ்ட்ரிக்டுகளில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் தரமான முன்பருவக் கல்வி தர உத்தரவிட்டது. நம் கணக்கில் பிரீ-கே.ஜி., எல்.கே.ஜி. வயது. ஒரு வகுப்பில் 15 குழந்தைகளுக்கு மேல் கூடாது. பட்டம் பெற்று, சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கவென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். கூடவே ஓர் உதவியாளர். பால்வாடிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது போதும் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. மணலில் விளையாடும் குழந்தையிடம் "எந்த வாளியில் அதிகம் பிடிக்கும்? எப்படித் தெரியும்?" என்று கேட்டு, அது பதில் சொல்லும்வரை காத்திருக்க, படித்த ஆசிரியர்தான் வேண்டும். கணக்கும் மொழியும் அங்கேதான் தொடங்குகின்றன.

கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கிர்ப் யூனியன் சிட்டிப் பள்ளிகளில் தங்கிப் பார்த்து 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலகட்டத்தில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் இங்கே ஏறக்குறைய 90 சதவீதம். நாட்டின் சராசரியைவிடச் சுமார் 10 புள்ளிகள் அதிகம். 2009இல் திறந்த புதிய உயர்நிலைப் பள்ளிக்கு இடமில்லாமல், பழைய ஸ்டேடியம் இருந்த மனையில் கட்டி, கால்பந்து மைதானத்தை மொட்டை மாடியில் அமைத்தார்கள். 2000 முதல் மேயராக இருக்கும் பிரையன் ஸ்டாக் மாநில செனட்டரும் ஆனார். ஊருக்கு நிதி வந்து சேர்ந்ததில் அந்தச் செல்வாக்குக்கும் பங்குண்டு. அரசியலை ஒதுக்கிவிட்டு இந்த வெற்றியைச் சொன்னால் அது அரைக்கதை.

இன்னும் கடினமான வேலை ஒன்று இந்த ஊர்ப் பள்ளிகள் முன்னால் இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதில் சொந்த நாட்டை விட்டு வந்து, நேராக உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்கு அந்த மூன்று வயது வகுப்பு கிடைத்திருக்காது. சிலர் சொந்த நாட்டிலேயே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பள்ளிப் படிப்பை முடிக்க அவர்களுக்கு இருப்பது மூன்று, நான்கு ஆண்டுகள். அதற்குள் ஆங்கிலமும் படிக்க வேண்டும், அல்ஜீப்ராவும் படிக்க வேண்டும்.