சுசுகி: நெற்போரிலிருந்து வந்த பெயர்

ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1984-இல் இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிள் வெளிவந்த நாள்முதல் தமிழ்நாட்டில் சுசுகி என்றால் வண்டிதான். அதற்குச் சற்று முன்பு, 1983 டிசம்பரில், மாருதி 800 காரோடு அந்தப் பெயர் இந்தியச் சாலைகளுக்கு வந்திருந்தது. ஜப்பானிலோ சுசுகி என்பது முதலில் மனிதர்களின் பெயர், ஒரு குடும்பப் பெயர். சாத்தோ என்ற பெயருக்கு அடுத்தபடியாக அங்கே மிக அதிகம் பேர் தாங்கியிருப்பது இதைத்தான். 17, 18 லட்சம் பேர் இருப்பார்கள். எழுபது ஜப்பானியரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தை மட்டும் பார்த்தால் பொருள் எளிது. முதல் சித்திர எழுத்துக்கு மணி என்று பொருள், இரண்டாவதற்கு மரம். இரண்டும் சேர்ந்து ‘மணி மரம்’. வெளிநாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் இந்த எழுத்துகள் ஒலிக்காகப் பின்னாளில் பொருத்தப்பட்டவை. பெயர் அவற்றுக்கு மூத்தது. அது பிறந்தது ஒரு வயலில்.

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவில், ஒசாகாவுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் நிலப்பகுதி கீ தீபகற்பம். அதன் தெற்குப் பாதியில் இருக்கும் அடர்ந்த மலைநாடு குமானோ. அந்தப் பக்கத்து உழவர்கள் அறுத்த நெல்லைத் தாளோடு கட்டி, வயலில் ஒரு கழியை நட்டு, அதைச் சுற்றிக் கதிர்க்கட்டுகளை அடுக்கிக் காயவைப்பார்கள். நம் களத்துமேட்டில் போர் போடுவது போலத்தான், ஆனால் நடுவில் கழி நிற்கும். உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கழி வழியாக நெல்லின் தெய்வம் இறங்கி வரும் என்பது நம்பிக்கை. இப்படி அடுக்கிய போருக்கு வட்டார வழக்கில் ‘சுசுகி’ என்று பெயர்.

இதற்குத் துணை நிற்கிறது இன்னொரு பெயர். சுசுகி குடும்பத்தின் மூலக் குலத்துக்கு ஹொசுமி என்று பெயர். ‘ஹோ’ கதிர், ‘சுமி’ அடுக்கியது. அதுவும் நெற்போர்தான். குமானோ தெய்வம் வந்திறங்கியபோது மூன்று சகோதரர்கள் வரவேற்றதாகவும், அவர்களில் நெற்கதிரைப் படைத்தவருக்கு ஹொசுமி என்ற பெயர் கிடைத்ததாகவும் அப்பகுதிப் புராணம் சொல்கிறது. சுசுகி குடும்பங்களின் பழைய இலச்சினைகளிலும் நெற்கதிர் வளைந்து நிற்பதைப் பார்க்கலாம். 

ஒரு மலைநாட்டு வட்டாரச் சொல் நாடெங்கும் எப்படிப் பரவியது? எனக்கு இந்தப் பெயரின் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். குமானோவில் மூன்று பெரிய ஆலயங்கள் இருக்கின்றன. ஹெயன் எனப்படும் பழங்காலத்தின் பிற்பகுதியிலிருந்து பதவி துறந்த பேரரசர்களே கியோட்டோவிலிருந்து மலையேறி அங்கே போனார்கள். கோ-ஷிராகாவா என்பவர் முப்பது தடவைக்கு மேல் போயிருக்கிறார். பிறகு படைவீரர்கள், வணிகர்கள், சாதாரண மக்கள் என்று கூட்டம் பெருகியது. ‘எறும்புகளின் குமானோ யாத்திரை’ என்ற சொலவடையே உண்டாயிற்று. அந்த மலைப்பாதைகள் 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

யாத்திரிகர்கள் தாமாக வந்துவிடவில்லை. அவர்களைத் திரட்ட ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். வழிகாட்டிகளும் பூசாரிகளும் குமானோ தெய்வத்தின் பெருமையைச் சொல்லி, தாயத்துத் தாள்களைக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து என்றே தோன்றாது. சின்னச் சின்னக் காகங்கள் பலவிதமாகக் கூடி நின்று எழுத்தாக உருவெடுத்திருக்கும். காகம் குமானோ தெய்வத்தின் தூதர். படைத்தலைவர்கள் இந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் சத்தியப் பத்திரம் எழுதுவார்கள். வாக்கு மீறியவரைத் தெய்வம் தண்டிக்கும் என்ற அச்சம் அவ்வளவு இருந்தது. இப்படி ஊர் ஊராகப் போனவர்களில் சுசுகிகள் முக்கியமானவர்கள். போன இடத்தில் கிளை ஆலயம் எழுப்பி அங்கேயே குடியேறியவர்களும் உண்டு. குமானோ பெயரில் ஜப்பானெங்கும் ஆயிரக்கணக்கான ஆலயங்கள் இன்றும் இருக்கின்றன.

குமானோ மக்கள் கடலோடிகளும்கூட. அந்தக் கரையை ஒட்டி ஓடும் குரோஷியோ என்ற வெப்ப நீரோட்டம் கிழக்கு நோக்கிப் போகிறது. படகை அதில் விட்டால் இன்றைய ஷிசுவோகா, சிபா கரைகள்தான் வரும். சுசுகிகள் இன்று நெருக்கமாக வாழ்வது ஐச்சி, ஷிசுவோகா, டோக்கியோ, சிபா என்று அதே கிழக்குப் பக்கத்தில். ஒசாகாவில் தனாகா என்ற பெயர் முதலிடம் பிடிக்கிறது. குமானோவின் பெரும்பகுதியைக் கொண்ட வகாயாமா மாநிலத்திலேயே யமமோத்தோதான் முதலில் நிற்கிறது.

இரண்டாவது அலையைக் கிளப்பியது அரசியல். மிகாவாவில், அதாவது இன்றைய ஐச்சியின் கிழக்குப் பகுதியில், குடியேறிய சுசுகிகளில் பலர் தொகுகாவா இயெயாசு என்ற படைத்தலைவரின் ஆட்கள். 1590-இல் அவர் தம் தலைமையிடத்தை எதோவுக்கு மாற்றியபோது அவர்களும் கூடவே போனார்கள். அந்த எதோதான் பிறகு டோக்கியோ ஆனது.

மூன்றாவது அலை சட்டத்தால் வந்தது. எதோவிலிருந்து தொகுகாவா குடும்பம் ஆண்ட எதோ காலத்தில் சாதாரண மக்கள் குடும்பப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள அனுமதி கிடையாது. வீட்டளவில் பலரிடம் பெயர் இருந்தது, ஆவணத்தில் வராது. அதன்பின் வந்த மெய்ஜி அரசு 1870-இல் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்றது. மக்கள் தயங்கினார்கள், பெயர் கொடுத்தால் வரி கூடுமோ என்ற பயம். படைக்கு ஆள் எடுக்கப் பதிவேடு வேண்டும் என்று ராணுவ அமைச்சகம் வற்புறுத்தவே 1875-இல் அது கட்டாயமானது. சுசுகி என்ற பெயர் ஏற்கெனவே நிறைந்திருந்த ஊர்களில் அந்தப் பெயரிலேயே பதிந்துகொண்டவர்களும் உண்டு. ஆகவே ஒரே பெயர் இருப்பதால் ஒரே ரத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

மூலக் குடும்பத்தின் வீடு வகாயாமாவின் கைனான் நகரில், ஃபுஜிஷிரோ ஆலய வளாகத்தில் இருக்கிறது. வாரிசு இல்லாமல் 1942-இல் அந்த வம்சாவளி முடிந்துபோனது. பாழடைந்த வீட்டைச் சீரமைத்து 2023-இல் மக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். அந்த வளாகத்துக் கற்பூர மரத்துக்கும் பெயர்களோடு உறவு உண்டு. பிறந்த குழந்தைக்கு அந்த மரத்தின் பெயரிலிருந்து ‘குசு’ என்ற அசையையோ, குமானோவிலிருந்து ‘குமா’ என்பதையோ வாங்கிச் சூட்டும் வழக்கம் இருந்தது. பூஞ்சைகளையும் நாட்டார் வழக்காறுகளையும் ஆராய்ந்த அறிஞர் மினகதா குமகுசுவின் பெயரில் இரண்டு அசைகளும் இருக்கின்றன.

புகழ்பெற்ற சுசுகிகளை எண்ணத் தொடங்கினால் முடியாது. வயலினைத் தாய்மொழி போலக் கற்றுக்கொடுத்த ஷினிச்சி, 2010-இல் வேதியியல் நோபல் பெற்ற அகிரா, 1945-இல் சரணடைவின்போது பிரதமராக இருந்த கந்தாரோ. என் தேர்வு உமெதாரோ சுசுகி. பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளை, இன்று பி1 என்று நாம் சொல்லும் சத்தை, 1910-இல் அவர் பிரித்தெடுத்தது அரிசித் தவிட்டிலிருந்து. நெற்போரின் பெயர் கொண்டவருக்குப் பொருத்தமான வேலை.

கார் கம்பெனியைத் தொடங்கிய மிச்சியோ சுசுகி ஹமமாத்சுவைச் சேர்ந்தவர். 1909-இல் அவர் முதலில் செய்தது தறிகள். இந்தியாவுக்கு வந்து மாருதிக்குக் கைகொடுத்த ஒசாமு சுசுகி பிறப்பால் சுசுகி அல்லர், மத்சுதா. மிச்சியோவின் பேத்தியை மணந்து, அந்த வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாகப் போய் அவர்கள் பெயரை ஏற்றவர். ஆண் வாரிசு இல்லாத தொழில் குடும்பங்கள் திறமையான மாப்பிள்ளையைத் தத்தெடுப்பது ஜப்பானில் நெடுநாள் வழக்கம்.

ஆனால் ஆண் தன் பெயரை விடுவது விதிவிலக்கு. மணமான இருவரும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1898-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் விதித்தது. அந்த விதி இன்றும் நீடிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நடைமுறையில் ஏறத்தாழ 95 சதவீதத் திருமணங்களில் பெண்தான் தன் பெயரை விடுகிறார். படித்துப் பட்டம் வாங்கி ஒரு பெயரில் பணியாற்றியவரை அதைக் கழற்றி வைக்கச் சொல்வது அநீதி என்பதே என் எண்ணம். தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024-இல் ஒரு கணக்குப் போட்டார். இதே விதி தொடர்ந்தால் 2531-இல் ஜப்பானியர் அனைவரும் சாத்தோ ஆகிவிடுவார்கள். இன்றைய வேகத்தை அப்படியே நீட்டிப் போட்ட கணக்கு அது. ஆண்டு சரியாக வராமல் போகலாம், திசை சரிதான். சுசுகி அவ்வளவு சீக்கிரம் மறையாது. ஆனால் அதே ஒலியைக் கொடுவாய் இன மீனைக் குறிக்கும் ஒற்றை எழுத்தால் எழுதுகிற குடும்பங்கள் சில இருக்கின்றன. முதலில் போவது அப்படிப்பட்ட சிறுபான்மைப் பெயர்கள்தான்.