கௌதியின் பின்பக்கம்

மார்கழியில் தளிக்கு வந்தால் காலை எட்டு மணிக்கும் கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் டீக்கடையில் நிற்க வேண்டும். ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே உள்ள ஊர். வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பட்டத்தை இன்னும் விடவில்லை.

வெயில் ஏறியதும் போர்வைகள் மாடிச் சுவருக்கு வந்துவிடும். சோலாப்பூர்ப் போர்வை, பூப்போட்ட பளபள கம்பளி, இவற்றுக்கு நடுவே ஏதாவது ஒரு வீட்டில் மட்டும் பழைய சேலைகளை அடுக்கி, மேலே ஒட்டுத்துணி வைத்து, நெருக்கமாக நூலோட்டித் தைத்த ஒன்று தொங்கும். கன்னடத்தில் கௌதி, தெலுங்கில் பொந்த. இரண்டு மொழியும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர் என்பதால் எந்தப் பெயரைச் சொன்னாலும் போர்வை கைக்கு வந்துவிடும்.

நான் அடிக்கடி போகும் வீட்டு அவ்வா கௌதி தைப்பவர். நீலச் சேலைத் துண்டுகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு மஞ்சள் சதுரம். தளிப் பக்கத்துப் பசுமைக்குடில் ஒன்றின் ரோஜா மனதில் இருந்திருக்குமோ என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டு கேட்டேன்.

"இந்த டிசைனை எங்க பாத்தீங்க அவ்வா?"

"டிசைன் எங்க பாக்கறது கண்ணு? அந்தச் சேலை அவ்ளோதான் தேறுச்சு. மீதி எடத்துக்குப் பேத்தி பாவாடைய வெச்சேன்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அதைவிடப் பெரிய புதிர் ஒன்று அந்த வாசலிலேயே இருந்தது. இதே கைதான் விடிகாலையில் பதினைந்து புள்ளி வைத்து, இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாத சிக்குக் கோலம் போடுகிறது. கணிதக்காரர்களையே இழுத்த கோலம் அது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை ஒரு மொழியாகவே எடுத்துக்கொண்டு அதற்கு இலக்கணம் எழுதினார்கள். அப்படிப்பட்ட வளைவுகள் கைவசம் இருக்க, போர்வையில் மட்டும் ஏன் சதுரமும் பட்டையும்?

விடை துணிக்குள்ளேயே இருக்கிறது. கைக்குட்டை ஒன்றை எடுத்து, இரண்டு எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசையாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். ரப்பர் போல நீண்டு கொடுக்கும். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. நேராக இழுக்கும்போது நூலையே நீட்ட வேண்டியிருக்கிறது. பருத்தி நூல் அதற்கு அவ்வளவாக மசியாது. மூலைவாட்டில் இழுக்கும்போது எந்த நூலும் நீளத் தேவையில்லை. பாவும் ஊடையும் வெட்டும் ஒவ்வொரு இடமும் கதவுக் கீல் போலத் திரும்ப, சின்னச் சின்னச் சதுரங்களெல்லாம் சாய்சதுரங்களாகச் சரிந்துவிடுகின்றன. ரவிக்கை தைப்பவர்கள் 'கிராஸ் கட்டிங்' என்று சொல்லிக் கூலி கூட்டி வாங்குவது இந்தச் சரிவுக்காகத்தான். சாய்த்து வெட்டிய துணி உடம்போடு ஒட்டி வளையும்.

ரவிக்கைக்கு வரமான இந்தக் குணம் போர்வைக்குச் சாபம். ஒரு முக்கோணத்தை வெட்டினால் அதில் ஒரு விளிம்பாவது நூலுக்குச் சாய்வாகத்தான் அமையும். அந்த விளிம்பு தைக்கத் தைக்க நீண்டு, போர்வை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். வளைவாக வெட்டினால் கேட்கவே வேண்டாம், விளிம்பு முழுக்க விதவிதமான சாய்வு. அவ்வா இதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை, செய்து காட்டினார். சேலையின் ஓரத்தில் கத்தரியால் ஒரு விரற்கடை அளவு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம், துணித்தூசி மூக்கில் ஏற, கிழிசல் ஒரு நூல்கூட விலகாமல் மறுகோடி வரை நேராக ஓடியது. ஒவ்வொரு நூலாக அறுபட்டு, சுமையை அடுத்த நூலுக்குத் தள்ளிவிட்டுப் போவதால் கிழிசலுக்கு வழி தவறுவதில்லை. அளவுகோலும் தேவையில்லை, கோடு போடும் சாக்கும் தேவையில்லை. சதுரமும் பட்டையும் துணி தானாகவே தரும் உருவங்கள். வளைவு வேண்டுமென்றால் நாம் அதோடு சண்டை போட வேண்டும்.

இப்போது அவ்வாவின் மூட்டையில் சேலை மட்டும் இல்லை. ஓசூர், பெங்களூருப் பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளின் கட்டிங் வேஸ்ட் எடைக்குக் கிடைக்கிறது. கட்டிங் மாஸ்டர் நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, முன்பாகம், முதுகு, கை, காலர் எல்லாவற்றையும் இண்டு இடுக்கில்லாமல் நெருக்கி வைத்துத்தான் வெட்டுகிறார். ஆனாலும் மிச்சம் விழும். சதுரமாகவோ அறுகோணமாகவோ உள்ள ஓடுகள் தரையை இடைவெளி இல்லாமல் நிரப்பும். அக்குளுக்கும் கழுத்துக்கும் வளைந்த துண்டுகள் அப்படி நிரப்பாது. உலகம் முழுக்கவே ஆடைத் தயாரிப்பில் துணியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படி விழுந்துபோவது சாதாரணம். மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் பிறை, கத்தி, மீன்வால் என்று விநோத உருவங்கள். எங்கோ யாரோ போட்டுக்கொண்டிருக்கும் சட்டையின் அக்குளுக்கும் பக்கத்துச் சட்டையின் அக்குளுக்கும் இடையே கிடந்த சந்து அது.

அவ்வா அதிலும் தரம் பிரிக்கிறார். பனியன் துணியை விரலால் இழுத்துப் பார்த்து ஓரமாக எறிந்துவிடுவார். அது நெய்த துணி அல்ல, வளையங்களாகப் பின்னிய துணி, எந்தப் பக்கம் இழுத்தாலும் நீளும். வண்டிப் பட்டறையில் கிரீஸ் துடைக்கத்தான் லாயக்கு.

ஆலை மிச்சம் போர்வையின் முகத்தையே மாற்றிய கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், அடிமை முறையின் காலத்திலிருந்தே பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்து வந்தவர்கள். 1966-இல் அந்த வட்டாரத்தில் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு உருவானது. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரும் வேலை அதற்குக் கிடைத்தது. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அந்த ஆண்டுகளின் போர்வைகளில் அந்தத் துணிக்கே உரிய தடித்த வரிகளும் பச்சை, பழுப்பு, தங்க நிறங்களும் ஏறின. 2002-இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கியபோது, நவீன ஓவியத்தோடு அவற்றை ஒப்பிட்டு விமர்சகர்கள் வியந்தார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையே போட்டது. அங்கே வழங்கும் வடிவங்களின் பெயர்கள் வீட்டுக்கூரை, செங்கல் அடுக்கு என்ற ரகம். தினமும் கண்ணில் பட்டதுதான், ஆனால் துணிக்கு ஏறும்போது நேர்கோடாக மாறித்தான் ஏறியிருக்கிறது.

வயலைப் பார்த்தால் ஒட்டுத்துணி விரித்தாற்போல இருக்கிறது என்று எழுதுவது எங்களைப் போன்றவர்களின் நெடுநாள் கெட்ட பழக்கம். போர்வை தைப்பவர்கள் யாரும் மலைமேல் ஏறி நின்று வயலைப் பார்த்துவிட்டு வந்து தைப்பதாகத் தெரியவில்லை.

முக்கோணத்தை அடியோடு ஒதுக்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் போர்வைக்குக் கவந்த் என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து மடித்துச் செய்த முக்கோண அடுக்கு ஒன்று இருந்தே தீர வேண்டும். அதற்குப் பூ என்று பெயர். அந்தப் பூ இல்லாத கவந்த் அம்மணமானது என்று அவர்கள் சொல்வதை, அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய கலை வரலாற்றாசிரியர் ஹென்றி டிரூவல் பதிவு செய்திருக்கிறார். இதில் எனக்குப் பிடித்தது அந்த மடிப்பு. முக்கோணமாக வெட்டினால்தான் விளிம்பு இழுக்கும். சதுரத்தை மடித்து முக்கோணமாக்கினால் விளிம்பில் இரட்டைத் துணி நிற்கும், பிசிறும் வராது.

சரி, இத்தனை பாடுபட்டுத் தைத்தது எப்படிக் குளிரைத் தாங்குகிறது? பெரும்பாலான வேலை காற்றுடையது, துணி அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மந்தமாகத்தான் கடத்தும். பருத்தி இழை அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்திவிடும். பல முறை துவைத்த சேலையின் நூலில் பிசிர் எழுந்து நிற்கும். அப்படி நான்கு சேலையை அடுக்கினால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய காற்றுப் படலம் மாட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் காற்று உள்ளுக்குள்ளேயே சுழலத் தொடங்கிச் சூட்டை வெளியே சுமந்து போய்விடும். தையல்தான் அடுக்குகளை அந்த எல்லைக்குள் பிடித்து வைக்கிறது. ஆனால் தையல் விழும் ஒவ்வொரு இடத்திலும் காற்று நசுங்கிச் சூடு கசியும். நெருக்கித் தைத்தால் போர்வை பல வருஷம் உழைக்கும், குளிர் கொஞ்சம் ஏறும். தளர்த்தினால் கதகதப்பு கூடும், ஆயுள் குறையும். அவ்வாவின் தையல் வரிசைகளுக்கு நடுவே ஒரு விரல் அகலம். யாரும் அளந்து சொன்னதில்லை.

நூலே ஒரு விந்தைதான். பருத்தி இழையின் நீளம் மூன்று சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். பசையில்லை, முடிச்சில்லை. வெறுமனே முறுக்கிய அந்தக் குட்டி இழைகள் மைல் கணக்கில் நூலாகி எப்படி அறுபடாமல் நிற்கின்றன? 1638-இல் வெளியான புத்தகத்தில் கலீலியோவே கயிற்றை வைத்து இந்தக் கேள்வியை எழுப்பினார். 2018-இல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வோர் இழையும் பக்கத்து இழைகளோடு உரசுகிறது. உராய்வு ஓர் அளவைத் தாண்டியதும், இழுக்க இழுக்கப் பிடி இறுகுமே தவிர நழுவாது. கௌதியும் பெரிய அளவில் இதே கூட்டுக் குடும்பம்தான். கிழிந்த நான்கு சேலைகள் தனித்தனியாக ஒரு வாரம் தாங்காது. சேர்த்துத் தைத்தால் மேல் சேலையில் ஓடிவரும் கிழிசல் தையலில் முட்டி நிற்கிறது, சுமை அடுத்த சேலைக்கு இறங்குகிறது.

இனி அந்தக் கோலத்துக்கு வருவோம். சிக்குக் கோலத்தின் வளைவு போர்வைக்கு வரவில்லை, சரி. ஆனால் புள்ளி வந்திருக்கிறது. நூலோட்டுவது என்பதே ஒரு தையல், ஓர் இடைவெளி, மறுபடி ஒரு தையல். ஜப்பானில் ஏழை உழவர்கள் நைந்த துணிகளை அடுக்கித் தைத்த சாஷிக்கோ முறையில் ஹிடோமேஸாஷி என்று ஒரு கிளை உண்டு. அதை ஊசியே எடுக்காமல் கட்டம் போட்ட நோட்டில் செய்து பார்க்கலாம். படுக்கையாக ஐந்து கோடு, நிமிர்வாக ஐந்து கோடு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கட்டம் வரைந்து, ஒரு கட்டம் விட்டு, ஒரு கட்டம் வரைய வேண்டும். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் கட்டம் தையலா, இடைவெளியா?

அந்த முடிவையும் இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களிடம் விட்டுவிடலாம். குறில் என்றால் தையலில் தொடங்கு, நெடில் என்றால் இடைவெளியில் தொடங்கு. ஒற்றெழுத்தைத் தள்ளிவிடு. படுக்கைக் கோடுகளுக்குத் தேன்கனிக்கோட்டை: நெடில், குறில், குறில், நெடில், நெடில். நிமிர்ந்த கோடுகளுக்கு இராயக்கோட்டை: குறில், நெடில், குறில், நெடில், நெடில். (ஐகாரக் குறுக்கம் என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 'டை'யை இங்கே நெடிலாகவே வைத்துக்கொள்வோம்.) கோடு போட்டு முடித்ததும் நோட்டில் படிக்கட்டும் மூடிய கோட்டையும் தாமாகவே எழுந்து நிற்கும். ஐந்துக்கு ஐந்திலேயே 1,024 விதமாக முடிவெடுக்கலாம். பத்துக்குப் பத்து என்றால் 10,48,576. வடமொழி யாப்பில் பிங்கலர் குறிலையும் நெடிலையும் அடுக்கி எண்ணியதும் இதே இரட்டைக் கணக்குதான். கெலமங்கலத்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் பாவம். அவர்கள் ஊரில் எல்லாமே குறில். படுக்கையாகவும் நிமிர்வாகவும் அதையே போட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டாத குட்டிச் சதுரங்கள்தான் மிஞ்சும்.

கோடுகள் எப்படித் தறிகெட்டுப் போகாமல் உருவமாகின்றன? கோடுகள் வெட்டும் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைக் கோட்டில் அதற்கு ஒருபக்கம் தையல், மறுபக்கம் இடைவெளி. நிமிர்ந்த கோட்டிலும் அப்படியே. ஆக ஒவ்வொரு புள்ளியிலும் சரியாக இரண்டு தையல்கள்தான் சந்திக்கும். கிளை பிரிய முடியாது, நட்டநடுவில் அறுந்து நிற்கவும் முடியாது. ஒன்று சுற்றி வந்து மூடிக்கொள்ள வேண்டும், அல்லது போர்வையின் ஓரம் வரை ஓடிவிட வேண்டும். அதனால் எவ்வளவு சிக்கலான கோலமாக இருந்தாலும் இரண்டே நிறத்தில் தீட்டிவிடலாம், பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வரவே வராது.

இதைப் போட்டு எடுத்துக்கொண்டு அவ்வாவிடம் போனேன். தேன்கனிக்கோட்டை எது, இராயக்கோட்டை எது என்று விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பினார். பின்னால் வெறும் வெள்ளை.

"இதுக்குப் பின்பக்கம் எப்படி இருக்கும் கண்ணு?"

நான் யோசிக்கவே இல்லாத கேள்வி. துணியில் தைத்தால் முன்னால் தையல் உள்ள இடமெல்லாம் பின்னால் இடைவெளி, இடைவெளியெல்லாம் தையல். பின்னாலும் ஒரு முழுக் கோலம் இருக்கும், வேறு கோலம். அவ்வா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விட்டுப்போன கட்டங்களை ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுக்கொண்டே போனார்.