சக்கரை வேண்டாம்னா காசு குறையாது... ஓட்ஸ் பால் கேட்டா மட்டும் ஏறுதே ஏன்? காபி பில்லில் எதைக் கொடுக்கணும், எதைக் கொடுக்க வேண்டாம்?

மயிலாப்பூர் மாட வீதி பக்கம் காலை ஆறரை மணிக்கு எந்த காபி கடையில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும்: "மாஸ்டர், ரெண்டு காபி... ஒண்ணு சக்கரை கம்மி, ஒண்ணு வித்தவுட்!" ரெண்டு டம்ளரும் வரும். ரெண்டுக்கும் ஒரே விலை. ஸ்ட்ராங்கா, லைட்டா, சக்கரை தனியா என எப்படிக் கேட்டாலும் டோக்கனில் விலை மாறாது.

அதே ஆள் சாயங்காலம் மகளோடு அடையாறில் ஒரு ஏசி கஃபேக்குப் போனால் கதையே வேற. பால் மாற்றினால் ஒரு கட்டணம், சிரப் சேர்த்தால் ஒரு கட்டணம், டிகாக்ஷனுக்குப் பதில் வரும் எஸ்பிரெசோ இன்னொரு ஷாட் வேண்டுமென்றால் அதுக்கும் கட்டணம். ஆனால் "சக்கரையே வேண்டாம்" என்றால் மட்டும் பத்து பைசா குறையாது.

இது நியாயமா? இதில் எதைக் கேள்வி கேட்கலாம்? அதைவிட முக்கியமா, 'நோ சுகர்' என்று சொன்னால் நிஜமாவே சர்க்கரை இல்லாமல் வருதா?

சக்கரையைக் குறைச்சா விலை ஏன் குறையல?

கணக்கு ரொம்ப சின்னது. சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம். அதன் விலை 45 பைசா. இதைக் கழிச்சுக் கொடுக்கச் சொல்லி கல்லாவில் சண்டை போட்டால், சில்லறை தேடும் நேரத்தின் மதிப்பே அதைவிட அதிகம்.

ஓட்ஸ் பால், பாதாம் பால் விஷயம் அப்படி இல்லை. ஆவின் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் இவற்றின் லிட்டர் விலை பல மடங்கு. இதில் வரியும் ஒரு காரணமாக இருந்தது. சாதாரண பாக்கெட் பாலுக்கு ஜிஎஸ்டி இல்லை. தாவரப் பால் பானங்களுக்கு 18% இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் 5% ஆகக் குறைக்கப்பட்டது. உணவகங்கள் தாங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய வரியை திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அது அப்படியே அடக்க விலையில் உட்கார்ந்துவிடும். வரி குறைந்த பிறகு கஃபேக்கள் கூடுதல் கட்டணத்தைக் குறைத்தார்களா என்பதை உங்கள் பழைய பில்லையும் புது பில்லையும் வைத்துப் பார்த்தால் தெரியும்.

வெளிநாட்டில் இது கோர்ட் வரைக்கும் போன விஷயம். பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களிடம் மாற்றுப் பாலுக்குத் தனிக் காசு வாங்குவது பாகுபாடு என்று 2024-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டார்பக்ஸ் மீது வழக்கு தொடரப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 முதல் அமெரிக்காவில் அந்தக் கூடுதல் கட்டணத்தை அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. பிரிட்டனில் 2022-லேயே நிறுத்தியாச்சு.

'நோ சுகர்'னு சொன்னா போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது பில்லில் இல்லை, இங்கேதான்.

இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது, 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் – இந்தியாப் ஆய்வு. அதை முன்னின்று நடத்தியது நம்ம சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. தமிழ்நாட்டில் விகிதம் 14.4%. அதாவது ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கு 'வித்தவுட்' என்பது ருசி விஷயம் இல்லை.

ஃபில்டர் காபியில் பிரச்னை குறைவு. டிகாக்ஷன், பால், சர்க்கரை மூணும் தனித்தனியா இருக்கு. டம்ளர் டம்ளரா கலக்குறாங்க. கல்யாண வீட்டில் பெரிய கேனில் மொத்தமா கலந்து வரும் காபியில் 'வித்தவுட்' கேட்க முடியாது. பேக்கரி, ஆஸ்பத்திரி கேன்டீன், ரயில்வே ஸ்டேஷனில் இருக்கும் மெஷின்களிலும் அதே கதை: பால் பவுடர், காபி, சர்க்கரை எல்லாம் சேர்ந்த ப்ரீமிக்ஸ் ஓடினால், எந்த பட்டனை அழுத்தினாலும் இனிப்புதான்.

கஃபேயில் பானத்துக்கு பானம் மாறும். எஸ்பிரெசோ, அமெரிக்கானோ, சாதா கேப்புசினோ, சாதா லாட்டே ஆகியவற்றில் பொதுவாக சர்க்கரை சேர்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பாக்கெட்டை நீங்கள் பிரித்துப் போட்டால்தான் உண்டு. இங்கே 'நோ சுகர்' என்று சொல்லவே தேவையில்லை. கேரமல், ஹேசல்நட், வெனிலா என்று பெயரில் ஃபிளேவர் வந்தால் அது சிரப். ஒரு பம்ப்பில் சுமார் 5 கிராம் சர்க்கரை. பெரிய கப்புக்கு மூணு, நாலு பம்ப் விழும். மோக்காவில் சாக்லேட் சாஸ். ஃப்ராப்பே, கோல்ட் காபி வகைகளில் பல இடங்களில் பேஸ் மிக்ஸிலேயே இனிப்பு கலந்திருக்கும், சில இடங்களில் ஐஸ்கிரீமும் சேரும். அதை எடுக்கவே முடியாது.

இதில் ஒரு குழப்பம் என்னன்னா, நீங்கள் 'நோ சுகர்' என்றால் கவுன்டரில் இருப்பவர் "சர்க்கரை பாக்கெட் வைக்க வேண்டாம்" என்று புரிந்துகொள்ளலாம். சிரப் வழக்கம்போல விழும். அதனால் கேட்க வேண்டிய கேள்வியே வேற: "இதுல சிரப் இருக்கா? பேஸ்லயே ஸ்வீட் இருக்கா? பம்ப் எத்தனை, ஒண்ணா குறைக்க முடியுமா?" சிரப்பைக் குறைக்கக் கேட்பதற்குப் பொதுவாகக் காசு கிடையாது. சேர்க்கத்தான் காசு.

தி.நகர், அடையாறு பக்கம் காலேஜ் பசங்க வரிசையில் நிற்கும் பபிள் டீ கடைகளில் 0%, 25%, 50% என்று இனிப்பைத் தேர்வு செய்யலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்த சதவீதம் டீயில் ஊற்றும் பாகுக்கு மட்டும். அடியில் கிடக்கும் ஜவ்வரிசி முத்துகள் வழக்கமா சர்க்கரைப் பாகில் ஊறி வருபவை. 0% என்றாலும் இனிக்கும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி காபிக்குச் சில ரூபாய் கூட வாங்குறாங்க. ருசிக்காகக் கொடுக்கலாம், தப்பில்லை. "சுகருக்கு நல்லது" என்று நம்பிக் கொடுத்தால் அது வீண். இரண்டிலும் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்.

கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஓட்ஸ் பாலிலும் ஒரு விஷயம் இருக்கு. ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை நொதி சேர்த்து உடைத்துத்தான் பெரும்பாலும் பால் தயாரிக்கிறார்கள். அப்போது மால்டோஸ் என்ற சர்க்கரை உருவாகிறது. பாக்கெட்டில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று இருந்தாலும் இது இருக்கும். மாட்டுப் பாலிலும் 100 மில்லிக்கு சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கு.

ஒரு நாளைக்கு எவ்வளவு? சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்கணும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரெண்டு ஸ்பூன் போட்ட காபியை மூணு வேளை குடித்தாலே அந்த 25-ஐத் தாண்டிடும்.

பெரிய செயின் கஃபேயா இருந்தால் மெனுவைப் பாருங்க. 10 அல்லது அதுக்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ விதி 2022 ஜூலை முதல் அமலில் இருக்கு. சாதா லாட்டேவுக்கும் ஃபிளேவர் லாட்டேவுக்கும் உள்ள கலோரி வித்தியாசத்தை நாலால் வகுத்தால், சிரப்பில் வரும் சர்க்கரை எத்தனை கிராம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

பில்லில் எது கட்டாயம், எது இல்லை?

ஒரு உதாரணம். லாட்டே 220 ரூபாய், ஓட்ஸ் பால் 60, சிரப் 40 என்றால் மொத்தம் 320. உணவக ஜிஎஸ்டி 5%, அதாவது மத்திய, மாநில வரி தலா 8 ரூபாய். ஆக 336. கூடுதலாகக் கேட்ட ஐட்டங்களுக்கும் வரி உண்டு, அது சட்டப்படி சரி. தங்கும் அறைக் கட்டணம் அதிகமுள்ள பெரிய ஓட்டல்களின் காபி ஷாப்பில் இது 18% ஆக இருக்கும்.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் ஜிஎஸ்டி என்று தனியாக எழுதி வாங்கவே கூடாது. தாங்கள் வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர்கள் என்று பில்லிலேயே குறிப்பிட வேண்டும்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். மேலே சொன்ன பில்லில் 10% சர்வீஸ் சார்ஜ் சேர்ந்தால் 32 ரூபாய். அதுக்கும் ஜிஎஸ்டி விழுந்தால் மொத்தம் 369.60. இது அரசுக்குப் போகும் வரி இல்லை, கடைக்குப் போகும் காசு. இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போக, அதே மாதம் தடை வந்தது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாயமாக வசூலிப்பது சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மனு போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் போனது. டிப்ஸ் கொடுப்பது உங்க இஷ்டம். பில்லிலேயே போட்டு வந்தால் "எடுத்துடுங்க" என்று கேட்கலாம்.

ஓட்ஸ் பால், எக்ஸ்ட்ரா ஷாட் கட்டணம் இந்த வகையில் வராது. எவ்வளவு வாங்கலாம் என்று உச்சவரம்பு எதுவும் இல்லை. விலை கடையின் முடிவு. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுடையது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொருளின் தரம், அளவோடு விலையையும் அறியும் உரிமையைக் கொடுக்கிறது. "ஆல்மண்ட் மில்க் போடட்டுமா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, விலையைச் சொல்லாமல் பில்லில் ஏற்றினால் தாராளமா கேள்வி கேட்கலாம். பில் தர மறுப்பதும் இதே சட்டத்தில் முறையற்ற வணிகம்.

பக்கத்தில் வைக்கும் தண்ணி பாட்டில் பற்றியும் ஒரு வரி: எம்ஆர்பி-க்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வேண்டாம் என்றால் திறக்கும் முன்பே திருப்பிக் கொடுத்திடுங்க.

புகார் எங்கே?

முதலில் மேனேஜரிடம் சொல்லி பில்லைத் திருத்தச் சொல்லுங்க, பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சிடும். முடியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடுவதாக இருந்தால் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. பில்லோடு, விலை எழுதியிருக்கும் மெனு போர்டையும் கிளம்பும் முன் ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்குங்க.