பனியில் மலரும் குள்ள ஐரிஸ்

வங்கிப் பணியும் இடமாற்றமும் இணைபிரியாதவை. அவ்வாறு வந்த ஆணையொன்று சமவெளியிலேயே வாழ்ந்து பழகிய எங்கள் குடும்பத்தைச் சிம்லாவில் கொண்டு சேர்த்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரில், எங்கள் முதல் பிப்ரவரி மாதத்தின் ஒரு காலையில், பக்கத்து வீட்டு வாயிலில் இருந்த மண்தொட்டியொன்றைக் கண்டு வியந்து நின்றோம். கூரையில் பனி இன்னும் உருகவில்லை. தொட்டியிலோ விரல் நீளமே உயர்ந்த பத்துப் பன்னிரண்டு கருநீல மலர்கள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றின் கீழிதழிலும் பொன்னிறக் கோடு ஒன்று தெரிந்தது. குனிந்து முகர்ந்தால் மென்மையான நறுமணம். "குள்ள ஐரிஸ்" என்றார் அவ்வீட்டுப் பெரியவர்.

அவ்வாண்டு அக்டோபரில் நாங்களும் 24 கிழங்குகளை வாங்கி நட்டோம். நீலம் பன்னிரண்டு, மஞ்சள் பன்னிரண்டு. அவற்றைக்கொண்டு நாங்கள் கற்ற பாடத்தை வாசகர்களுடன் பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயகம் சொல்லும் செய்தி

ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதையின் பெயர். இவ்வினத்துள் பல, இஞ்சியைப் போன்ற மட்டத்தண்டு உடையவை. நாம் பேசும் குள்ள வகைகளோ சின்ன வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பவை. கிழங்கின் மேல் வலைபோன்ற நார்த்தோல் போர்த்தியிருப்பதால், இப்பிரிவின் முதன்மை இனத்திற்கு 'ரெட்டிகுலேட்டா', அதாவது 'வலைப் பின்னலுடையது' என்று பெயர் வந்தது.

துருக்கி, காகசஸ், ஈரான், ஈராக் ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகள் இவற்றின் தாயகம். அங்கே குளிர்காலத்தில் பனி மூடும். வசந்தத்தில் பனி உருகி ஈரம் கிடைக்கும். கோடையில் நிலம் வறண்டு காயும். குளிர், ஈரம், வறட்சி என்னும் இம்முறை வரிசையை நாம் அமைத்துத் தந்தால் இச்செடி வாழும். வரிசை மாறினால் வாழாது.

நடும் முறை

அக்டோபர் மாதம் நடுவதற்கு ஏற்றது. கெட்டியான, கறை படியாத கிழங்குகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கரிய மைத்தீற்றல் போன்ற கறைகள் இருப்பின், அது 'மை நோய்' எனப்படும் பூஞ்சை நோயின் அடையாளமாகலாம். அத்தகைய கிழங்கை அகற்றி எரித்துவிடுவதே நன்று.

20 சென்டிமீட்டர் அகலமுள்ள மண்தொட்டியில் எட்டு முதல் பத்துக் கிழங்குகள் வரை நடலாம். தோட்ட மண், மக்கிய இலையுரம், பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். பச்சைச் சாணம் ஆகாது. கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல், எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருத்தல் வேண்டும். தொட்டியின் அடித்துளை அடைபடாதிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நட்டபின் தொட்டி வெயில் படும் வெளியிடத்தில் இருக்கட்டும். பத்து முதல் பன்னிரண்டு வாரக் குளிர் இதற்குத் தேவை. இரக்கப்பட்டுக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் மொட்டு கருகக்கூடும். மொட்டு நிறம் காட்டியபின் சில நாள் சாளரத்தருகே வைத்து மகிழலாம். அங்கும் வெப்பம் மிகுந்தால் பூ விரைவில் வாடிவிடும்.

நாங்கள் செய்த பிழை

எங்கள் முதல் பருவத்தில் 24 கிழங்குகளுள் 22 பூத்தன. கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களிடமும் பெருமையோடு சொல்லி மகிழ்ந்தோம். பூக்கள் உதிர்ந்தன. புல்லைப்போல் மெலிந்த இலைகள் ஓர் அடிக்கும் மேல் வளர்ந்து சாய்ந்தன. அழகில்லை என்று கருதி அவற்றைக் கத்தரித்து, தொட்டிகளை வீட்டின் பின்புறத்திற்கு நகர்த்திவிட்டோம். ஜூலையில் தொடங்கிய பருவமழை செப்டம்பர் வரை அவற்றின்மீது பெய்தது.

அடுத்த பிப்ரவரியில் பூத்தவை நான்கே.

பெரியவர் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். சில கிழங்குகள் அழுகிப் போயிருந்தன. மற்றவை அரிசிமணியினும் சற்றே பெரிய குறுங்கிழங்குகளாகச் சிதறியிருந்தன. "நீங்கள் பூவைத்தான் பார்த்தீர்கள், இலையைப் பார்க்கவில்லை" என்றார் அவர்.

பிப்ரவரியில் நாம் காணும் மலர், சென்ற ஆண்டு இலைகள் ஈட்டிய சேமிப்பு. பழைய கிழங்கு தன்னிடம் உள்ளதைப் பூவுக்குச் செலவிட்டுச் சுருங்குகிறது. அதனிடத்தில் அவ்வாண்டின் இலைகள் புதிய கிழங்கை வளர்க்கின்றன. இலையை வெட்டியதன் மூலம் வைப்புத் தொகையைக் கட்டத் தொடங்கிய மாதத்திலேயே கணக்கை மூடிவிட்டோம். சேமிப்பின் அருமையை நாள்தோறும் பிறருக்கு எடுத்துரைக்கும் நாங்களே இதைச் செய்தோம் என்பது வெட்கத்திற்குரியது.

இலைகளின் காலம்

எனவே, பூ வாடியபின்புதான் உண்மையான பராமரிப்பு தொடங்குகிறது. வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட வேண்டும். இலைகளுக்கு முழு வெயிலும் தவறாத நீரும் வேண்டும். தக்காளிச் செடிக்கு இடுவது போன்ற சாம்பல் சத்து மிகுந்த நீர்ம உரத்தைப் பாதி வலிமையில் கரைத்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். தழைச்சத்து மிகுதியாகக் கூடாது.

இலைகள் தாமாக மஞ்சளித்துக் காய்ந்ததும் நீரை நிறுத்த வேண்டும். அக்டோபர் வரை தொட்டி மழை படாத கூரையின் கீழ் உலர்ந்தே இருக்கட்டும். சிம்லா போன்ற பருவமழை ஊர்களில் தோட்டத்து மண்ணைவிடத் தொட்டியே பாதுகாப்பானது என்பதற்கு இதுவே காரணம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பருவமழையின் தாக்கம் குறைவு. ஆதலால் அங்கே நீர் தேங்காத மேட்டுப் பாத்தியிலும் நடலாம். பாம்பூரில் விளையும் குங்குமப்பூவும் ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் கிழங்கும் கோடையில் உறங்குவது.

வகைகள்

தொடங்குவோர்க்கு நீலநிற 'ஹார்மனி', கருஞ்சிவப்பு ஊதாநிற 'ஜார்ஜ்' ஆகியவை ஏற்றவை. வெளிர்நீல 'கான்டாப்' இங்கிலாந்தின் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் ஈ. ஏ. போல்ஸ் உருவாக்கியது. மஞ்சள்நிற 'டான்ஃபோர்டியே' முதலாண்டு பூத்தபின் குறுங்கிழங்குகளாகச் சிதறும் இயல்புடையது. சற்று ஆழமாக நட்டால் சிதறுவது குறையும் என்பர்.

சிதறுவது எப்போதும் இழப்பன்று. வெளிர்நீலத்தில் மஞ்சள் சாயலும் கருங்கோடுகளும் கொண்ட 'கேத்தரின் ஹாட்ஜ்கின்' வகையை 1950களில் இங்கிலாந்தில் ஈ. பி. ஆண்டர்சன் கலப்பினமாகப் பெற்றார். இன்று உலகெங்கும் பூக்கும் அவ்வகைச் செடிகள் யாவும் அந்த ஒரே நாற்றின் கிழங்குப் பிரிவுகளே. குறுங்கிழங்கும் பேணினால் பெருங்கிழங்காகும். இரண்டு மூன்று ஆண்டுப் பொறுமைதான் அதற்கு விலை.

சமவெளி வாசகர்களுக்கு

சென்னை, மும்பை போன்ற ஊர்களில் இச்செடி நிலைத்து வாழாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரூட்டிய கிழங்கை ஒரு பருவம் பூக்கவைக்க முயலலாம். பழுத்த பழங்கள் வெளியிடும் வாயு மொட்டைக் கெடுக்கும் என்பதால், அவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து கிழங்குகளைத் தருவிக்க இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை. ஆகவே உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதே எளிது.

கைமாறிய தொட்டிகள்

குறுங்கிழங்குகளை நாங்கள் எறியவில்லை. புதுமண்ணில் நட்டு, இலைகளைப் பேணி, மழையில் நனையாது காத்தோம். மூன்றாம் பருவத்தில் ஒன்பது பூத்தன. எஞ்சியவை இலை மட்டும் விட்டன. அவை பூக்கும் நாளுக்குக் காத்திருக்கையில் ஏப்ரலில் மீண்டும் இடமாற்ற ஆணை வந்தது.

தொட்டிகளைச் சமவெளிக்குக் கொண்டுவந்து பயனில்லை. எங்களுக்குப்பின் அந்தக் கிளைக்கு வந்த அலுவலர் குடும்பத்தாரிடம் அவற்றை ஒப்படைத்து, செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். 'இலையை வெட்டாதீர்கள்' என்பதே அதன் முதல் வரி.

அடுத்த பிப்ரவரியில் அவர்களிடமிருந்து ஒரு படம் வந்தது. எண்ணிப் பார்த்தோம். பதினேழு பூக்கள்.

மலைப்பகுதிகளில் வாழும் வாசகர்கள் வரும் அக்டோபரில் பத்துக் கிழங்குகளேனும் நட்டுப் பார்க்க வேண்டுகிறோம். பூத்தபின் இலைகளை மறவாதீர்கள்.