ஏழரையில் அந்த அரை

கிராமத்து நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வாசகி எழுதியிருக்கிறார். ஒருநாள் பயிற்சிக்குப் போனாராம். வலைப்பதிவு, விக்கி, குறிச்சொல் என்று எல்லாவற்றையும் திரையில் காட்டினார்கள். நோட்டு நிறையக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் நூலகத்துக் கணினி முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. “எனக்கு வயசாகிவிட்டதா?” என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. உங்களுக்குக் காட்டினார்கள், தொடவிடவில்லை.

இதே சிக்கலுக்கு 2006-இல் அமெரிக்காவில் ஒரு விடை கிடைத்தது. வட கரோலினாவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். ‘23 விஷயங்கள்’ என்று பெயர். நூலகர் ஸ்டீபன் ஏப்ரம் எழுதிய கட்டுரை ஒன்று அதற்குத் தூண்டுகோல். வகுப்பறை கிடையாது, ஆசிரியரும் கிடையாது. ஒன்பது வாரம், 23 சின்னச் சின்ன வேலைகள். சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்க வேண்டும், ஃபிளிக்கரில் படங்களைத் துழாவ வேண்டும், லைப்ரரிதிங்கில் படித்த புத்தகங்களை அடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் முடித்ததும் என்ன புரிந்தது, எங்கே முட்டிக்கொண்டது என்று தன் வலைப்பதிவிலேயே எழுதிவைக்க வேண்டும். குறித்த நாளுக்குள் 23-ஐயும் முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. யாரும் எடுத்தாளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டதால் மெல்போர்ன் நூலகங்கள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இரண்டாவது வேலை. கற்றுக்கொண்டே இருப்பவர்களின் ஏழரைப் பழக்கங்களைக் கேட்டுவிட்டு, தனக்கு எது சுலபம், எது கஷ்டம் என்று எழுத வேண்டும். ஏழரை என்றால் நமக்குச் சனிதான் ஞாபகம் வரும். அங்கே முதல் ஏழும் பெரிய மனுஷத்தனமானவை: கற்பது என் பொறுப்பு என்று ஏற்பது, சிக்கலைச் சவாலாகப் பார்ப்பது, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, இப்படி. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரைப் பழக்கம் ஒரே சொல்: விளையாடு.

அந்த அரைதான் மற்ற ஏழையும் தூக்கிச் சுமக்கிறது என்பேன். நான் சைக்கிள் பழகியது மணிக்கணக்கு வாடகை வண்டியில். சீட்டுக்கு எட்டாத வயசு, குரங்குப் பெடல்தான். கடைக்காரர் பாடம் நடத்தவில்லை. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு நிற்கும்போது, “நேரம் இன்னும் பாக்கி இருக்கு, ஏறு” என்றார். அந்தப் பாக்கி நேரத்தில்தான் வண்டி விழாமல் நின்றது, நானும் அதன் மேல் நின்றேன்.

நம் நூலகர்களுக்கு அந்தப் பாக்கி நேரத்தைக் கொடுப்பவர் யார்? கணினி வந்ததும் உறை தைத்துப் போர்த்திவிடுகிறோம். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் அவர்கள் கையைக் கட்டிப்போடுகிறது. வேலை நேரத்தில் ஒருவர் எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை வேலையாக நாம் மதிப்பதில்லை. சார்லட்டில் அதைத்தான் வேலையாக மதித்தார்கள். அன்றைய பட்டியலில் இருந்த பிளாக்லைன்ஸ், டெலிஷியஸ் என்ற இணையச் சேவைகள் இன்று புழக்கத்தில் இல்லை. பொத்தான்களை மனப்பாடம் செய்திருந்தால் அதெல்லாம் வீணாகியிருக்கும். புதிதாக எது வந்தாலும் அஞ்சாமல் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அப்படிப் போய்விடாது.

அந்த 23-இல் ஒன்று, விக்கி மணல்தொட்டியில் ஒரு பதிவு போடுவது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் மணல்தொட்டி என்ற பெயரிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. எழுதிப் பழகவே வைத்திருக்கிறார்கள். தப்பாக எழுதினாலும், மொத்தத்தையும் அழித்தாலும், பழையது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும். நாளைக்குக் கூட்டம் குறைந்த வேளையில் உறையை எடுத்துவிட்டு உட்காருங்கள். உங்கள் ஊரைப் பற்றி நாலு வரி அதில் எழுதுங்கள், அழியுங்கள், மறுபடி எழுதுங்கள். எங்கே முட்டிக்கொண்டது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.